கோடு உயரட்டும், குழந்தை குன்ற வேண்டாம்

எங்கள் ஊரில் அளவு என்றாலே முழம்தான் நினைவுக்கு வரும். சங்கரன்கோவில் பூச்சந்தையில் விடியற்காலையில் மல்லிகையும் பிச்சியும் எடை போட்டு விற்கப்படும். அதே பூ மாலையில் சரமாகிக் கடைவீதிக்கு வந்ததும் முழத்துக்கு மாறிவிடும். "உன் முழம் குட்டை, அந்த ஆச்சி முழம்தான் நீளம்" என்று பேரம் பேசாத பெண்மணி எங்கள் ஊரில் இல்லை. கை மாறினால் முழம் மாறும். அதனால் ஏற்படும் நட்டம் நாலு பூ, அவ்வளவுதான். பூவுக்குப் பதில் ஒரு குழந்தையை அளக்கும்போது இப்படித் தவறு நேர்ந்தால் நட்டம் எவ்வளவு? இந்த ஆண்டு எங்களுக்கு ஏற்பட்ட ஓர் அனுபவம் இக்கேள்வியை எழுப்பியது. அதை அன்புத் தோழியரிடமும், மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளிடமும், பெற்றோரிடமும் எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

சேவைப் பணிக்காக எங்கள் வகுப்பிலிருந்து சிலர், மாதம் ஒரு சனிக்கிழமை, ஊரின் ஓரத்திலுள்ள ஒரு மழலையர் பள்ளிக்குச் சென்று வந்தோம். கதை சொல்வதும், பாட்டுப் பாடுவதும், மூக்கு ஒழுகும் பிள்ளைகளுக்கு முகம் கழுவி விடுவதும் எங்கள் வேலை. அங்கே நுழைந்தவுடன் கண்ணில் படுவது சுவரில் ஒட்டியிருக்கும் ஒட்டகச்சிவிங்கிப் படம். அதன் கழுத்து நெடுகச் சென்டிமீட்டர் எண்கள். எண்பதாம் எண்ணருகே முயல், தொண்ணூறில் குரங்கு, நூறில் யானை, நூற்றுப்பத்தில் சிங்கம். குழந்தையைப் படத்தோடு சேர்த்து நிறுத்தி, தலை எந்த மிருகத்தை எட்டுகிறது என்று பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. சனிக்கிழமை தோறும் யாராவது ஒருத்தி எங்கள் கையைப் பிடித்து இழுத்து, "அக்கா, நான் யானை ஆயிட்டேனா, பாருங்க" என்பாள்.

முதலில் எங்களுக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. போகப் போகத்தான் ஒன்றைக் கவனித்தோம். அந்தப் படம் பிள்ளைகளுக்குள் ஒரு சாதியை உண்டாக்கியிருந்தது. யானை ஆனவர்கள் முதல் வரிசையில் விளையாடினார்கள். குரங்கு ஆனவர்கள் அவர்கள் பின்னால் ஓடினார்கள். "நீ இன்னும் முயல்தானே" என்று ஒருத்தியை ஒதுக்கியபோது அவள் அழவில்லை. சுவரோரமாகப் போய்க் குதிகாலை உயர்த்தி நின்று பார்த்துக்கொண்டாள். மூன்று வயதுக் குழந்தைக்குக் குதிகாலை உயர்த்தி நிற்கக் கற்றுக் கொடுத்தது யார்? நாம்தானே!

டிசம்பர் மாதத்தில் நடந்ததை இனிச் சொல்கிறோம். பூக்கட்டிப் பிழைக்கும் ஒரு தாய் தம் மகளை அழைத்துச் செல்ல வந்தார். அந்தப் பெண்ணுக்கு நான்கு வயது முடிந்திருந்தது. படத்தில் 93 சென்டிமீட்டர், அதாவது குரங்கு. அவளுடைய தோழியோ யானையையும் தாண்டி நின்றாள். "என்ன டீச்சர், எம்பிள்ளை இப்படிக் கட்டையாவே போயிருவாளோ?" என்று அந்தத் தாய் கேட்ட குரல் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. விளம்பரத்தில் பார்த்த டப்பா மாவை இரண்டு மாதமாக வாங்கிக் கொடுப்பதாகவும், ஒரு டப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போய்விடுவதாகவும் சொன்னார். பக்கத்தில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்ததில் இன்னும் குட்டையாகத் தெரிந்தாள்.

எங்களுள் ஒருத்தியின் தந்தையார் தையற்காரர். அவள் பையில் எப்போதும் டேப் இருக்கும். வேடிக்கையாகத்தான் அதைத் தரையிலிருந்து பிடித்துப் பார்த்தாள். பார்த்தவள் திகைத்துவிட்டாள். அந்தப் படம் 60 சென்டிமீட்டரில் தொடங்குவது. ஆகவே அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து சரியாக 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். சுவரில் அடித்திருந்த நீல வண்ணப் பட்டை மறைந்துவிடக் கூடாது என்று, யாரோ அதற்கு மேலே அழகாக ஒட்டிவிட்டார்கள். அடிவிளிம்பு 66-இல் இருந்தது! ஆறு சென்டிமீட்டர் பிழை. அந்தப் பள்ளியில் அளக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தையும் ஆறு சென்டிமீட்டர் குட்டையாகக் காட்டப்பட்டிருக்கிறது. பூக்காரத் தாயின் மகள் உண்மையில் 99 சென்டிமீட்டர்.

பிழை அத்தோடு முடியவில்லை. யானையைத் தாண்டிய தோழிக்கு வயது ஐந்து. ஒரு வயது மூத்தவளோடு இளையவளை நிறுத்தி ஒப்பிட்டிருக்கிறோம். அந்தப் படத்தில் வயதைக் குறிக்க இடமே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, நான்கு வயது முடிந்த பெண் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 103 சென்டிமீட்டர். 94-க்குக் கீழே போனால்தான் வளர்ச்சி குன்றியதாகக் கணக்கு. ஒட்டகச்சிவிங்கி சொன்ன 93 என்றால் கவலைக்குரியது. உண்மையான 99 என்றால் ஒரு கவலையும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் அதே படத்தில் அவள் 89 இருந்தாள் என்று டீச்சரின் நோட்டில் இருந்தது. ஆறு மாதத்தில் நான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். இதைவிட என்ன வேண்டும்? தவறு செய்தது அளவுகோல். தலை குனிந்ததோ குழந்தை.

அப்படியானால் இந்த அட்டையைக் கிழித்து எறிந்துவிடலாமா? அன்று எங்களுள் சிலர் அப்படித்தான் சொன்னோம். ஆனால் அதே நோட்டு எங்களுக்கு மற்றொன்றையும் காட்டியது. முயல் என்று ஒதுக்கப்பட்ட அந்த மூன்றரை வயதுக் குழந்தையின் பெயருக்கு நேரே ஜூன் மாதம் 84. டிசம்பரிலும் 84. படம் ஆறு சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்டப்பட்டிருந்தாலும் அந்தப் பிழை இரண்டு மாதங்களிலும் ஒரே பிழைதானே! ஆகவே 84-ஐ 90 என்று திருத்திக்கொண்டாலும், ஆறு மாதமாக அவள் வளரவில்லை என்ற உண்மை மாறவில்லை. அந்த வயதில் ஆறு மாதத்துக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டராவது வளர வேண்டும். கள்ளம் கபடமற்று எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும் அந்தக் குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருவதும், சோற்றைப் பாதியில் வைத்துவிடுவதும் எல்லோருக்கும் தெரியும். அவள் வளரவில்லை என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. தினமும் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. தேதி போட்டு எழுதிய இரண்டு எண்களுக்குத்தான் தெரியும்.

டீச்சர் அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனார். பெற்றோர் அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். பூச்சி மாத்திரை, கொதிக்க வைத்த நீர், நாளுக்கொரு முட்டை, வேர்க்கடலை, பருப்பு சேர்த்த சோறு; இவைதாம் மருந்து. இம்மலர் அச்சுக்குப் போகும் இவ்வேளையில் அவளுடைய கோடு ஒன்றரை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. தேர்வு முடிவு வந்ததுபோல நாங்கள் கை தட்டினோம் என்றால் மிகையாகாது.

ஒரே படம் ஒரு குழந்தையைப் பற்றிப் பொய் சொன்னது. மற்றொரு குழந்தையைப் பற்றி உண்மை சொன்னது. அது ஏன்? ஒருத்தியை இன்னொருத்தியோடு ஒப்பிட்டபோது பொய் சொன்னது. ஒருத்தியை அவளுடைய நேற்றோடு ஒப்பிட்டபோது உண்மை சொன்னது. இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதற்கு விளக்கமே.

குழந்தையை அவளுடைய நேற்றோடு ஒப்பிடும் இந்த வழக்கம் புதியதன்று. பிரான்சு நாட்டில் குவெனோ தெ மோன்பெயார் என்ற பிரபு, 1759-இல் பிறந்த தம் மகனைச் சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து, 1777 வரை, அதாவது பதினெட்டு ஆண்டுகள், விடாமல் எழுதி வைத்தார். விலங்குகளைப் பற்றிப் பெரும் நூல்வரிசை எழுதிப் புகழ் பெற்ற புஃபோன் என்ற இயற்கை அறிஞர் இவருடைய நண்பர். அந்த அளவுகளை அவர் தம் நூலில் வெளியிட்டார். விலங்குகளின் புத்தகத்தில் ஒரு சிறுவனின் உயரப் பட்டியல்! ஒட்டகச்சிவிங்கியின் பக்கத்தில் குழந்தையை நிறுத்தும் வழக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதோ என்று எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஒரே குழந்தையைப் பிறப்பிலிருந்து பெரியவனாகும்வரை தொடர்ந்து அளந்த பழமையான பதிவு என்று அறிவியலாளர் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். முதல் ஆண்டுகளில் விரைந்து வளர்ந்து, பிறகு மெல்ல நடந்து, வாலிபப் பருவத்தில் மறுபடி ஒரு தாவல் தாவும் வளர்ச்சியின் நடை அதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது.

பிரபுவின் மகனுக்குக் கிடைத்தது ஏழைக் குழந்தைகளுக்கும் கிடைக்க இருநூறு ஆண்டுகள் ஆயின. 1950-களின் பிற்பகுதியில் நைஜீரியா நாட்டின் இமெசி-இலே என்ற கிராமத்தில் பணிபுரிந்த ஆங்கில மருத்துவர் டேவிட் மோர்லி, குழந்தையின் எடையை மாதந்தோறும் புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் அட்டையை உருவாக்கினார். அதை மருத்துவமனை அலமாரியில் பூட்டி வைக்காமல் தாயின் கையிலேயே கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் கோடு ஏறுகிறதா, படுக்கிறதா, இறங்குகிறதா என்று தெரியுமல்லவா? அந்த அட்டை பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் பரவியது.

நம் தமிழ்நாடும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. 1980-ஆம் ஆண்டு, உலக வங்கியின் உதவியுடன், தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை கூடாமல் நின்றுபோன குழந்தைக்குக் கூடுதல் உணவு கொடுத்து, எடை ஏறியதும் நிறுத்தினார்கள். எடை போட்டவர்கள் அந்தந்த ஊரிலேயே வாழ்ந்த பெண்கள். யார் ஒல்லி, யார் குட்டை என்று அவர்கள் பார்க்கவில்லை. யாருடைய கோடு நின்றுவிட்டது என்றே பார்த்தார்கள். நாங்கள் டிசம்பரில் தற்செயலாகக் கண்டுபிடித்ததை, எங்கள் பாட்டிமார் காலத்துப் பெண்கள் மாதந்தோறும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்று படித்தபோது எங்களுக்குப் பெருமையாகவும் இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"உயரம் பரம்பரையாய் வருவது, அளந்தால் மட்டும் வளர்ந்துவிடுமா?" என்று பெரியவர்கள் சிலர் எங்களைக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆட்டை நூறு முறை நிறுத்தாலும் கொழுக்காது. தழை போட்டால்தான் கொழுக்கும். ஆனால் தழை போதவில்லை என்று எப்படித் தெரியும்? பரம்பரையும் உண்மைதான். அப்பாவும் அம்மாவும் குட்டையென்றால் பிள்ளை நெட்டையாவது அரிது. இருந்தாலும் ஐந்து வயது வரை பரம்பரையின் பங்கைவிட உணவு, தாய்ப்பால், தூய நீர், நோயில்லாமை ஆகியவற்றின் பங்கே பெரிதாகத் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை ஆராய்ந்து, 2006-ஆம் ஆண்டு வளர்ச்சி அளவுகளை வெளியிட்டது. நம் நாட்டில் டெல்லிக் குழந்தைகள் அதில் இடம்பெற்றார்கள். நல்ல கவனிப்புக் கிடைத்தால் எந்த நாட்டுக் குழந்தையும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரே மாதிரி வளர்கிறது என்பது அதன் முடிவு. நார்வேக் குழந்தைக்கு ஓர் அளவு, சங்கரன்கோவில் குழந்தைக்கு ஓர் அளவு என்று கடவுள் வைக்கவில்லை!

வைத்தவர்கள் நாம்தான். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 25 பேர். நாம் மற்றப் பல மாநிலங்களைவிட மேல்தான். 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் நம் பிள்ளைகளுக்கு வலிமை சேர்த்திருக்கின்றன. ஆனாலும் நால்வரில் ஒருவர் என்றால், எங்கள் மழலையர் பள்ளியில் ஒரு பெஞ்சில் உட்காரும் நான்கு பிள்ளைகளில் ஒரு பிள்ளை. அந்த ஒரு பிள்ளை யார் என்று தெரியாமல் எந்தப் பெஞ்சை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

இனிப் பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்களாகிய நாங்கள் இதைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் வீட்டுக் கதவு நிலைகளைப் பார்த்தோம். பல வீடுகளில் கோடுகள் இருந்தன. கரியால், பென்சிலால், சில வீடுகளில் ஆணியால் கீறிய கோடுகள். பார்த்தால், பெரும்பாலும் அண்ணனுடைய கோடுகள், தம்பியுடைய கோடுகள்! பிறந்த நாள்தோறும் அவனை நிறுத்தி, "எப்பா, அப்பாவைத் தாண்டிருவான் போலிருக்கே" என்று பெருமையோடு கோடு போட்டவர்கள், எங்களுக்குப் போடவில்லை. எங்கள் பாவாடை குட்டையானபோதுதான் நாங்கள் வளர்ந்தது தெரிந்தது. அப்போதும், "இப்படிப் பனைமரமாட்டம் வளர்ந்தா எங்கே போய் மாப்பிள்ளை பார்க்க?" என்ற பேச்சுத்தான். இதைக் கேட்டுக் கேட்டு எங்கள் தோழியர் சிலர் கூன் போட்டு நடக்கப் பழகிவிட்டார்கள். பெண் குட்டையானால் ஏளனம், நெட்டையானால் கவலை. பிறகு அவள் எந்த உயரத்தில்தான் நிம்மதியாக நிற்பது?

பெண் பிள்ளை பெரும்பாலும் பத்து வயது முதல் பன்னிரண்டு வரை விரைந்து வளர்கிறாள். ஆண் பிள்ளைக்கு அந்தத் தாவல் இரண்டு ஆண்டு கழித்து வருகிறது. பருவம் எய்திய பின் எங்களுக்கு மிஞ்சுவது சில சென்டிமீட்டர்களே. ஆகவே ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பில் படிக்கும் பெண்ணுக்குக் கிடைக்காத முட்டையை, பத்தாம் வகுப்பில் கொடுத்து ஈடு செய்ய முடியாது. பருவம் தவறி உரமிட்டால் பயிருக்கு என்ன பயன்? மேலும், வளர்ச்சி குன்றிய பெண் தாயாகும்போது, அவள் குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு அதிகம். வளர்ந்து முடியாத வயதில் மணம் முடித்துவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது. நின்றுபோன ஒரு பெண்ணின் கோடு அவளோடு நிற்பதில்லை. அவள் மகளின் கோட்டையும் இழுத்துப் பிடிக்கிறது. இதை அறிந்த பெற்றோர் மகனுக்குப் போடும் கோட்டுக்குப் பக்கத்தில் மகளுக்கும் ஒரு கோடு போடுவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை.

இத்தனையும் சொன்ன பிறகு, என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டுமல்லவா? எங்கள் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறோம்.

முதலாவது, சரியாக அளக்க வேண்டும். மிதியடியைக் கழற்றி, கொண்டையையும் உச்சிப் பூவையும் எடுத்துவிட வேண்டும். குதிகால், இடுப்பின் பின்புறம், தோள், பின்தலை ஆகியவை சுவரைத் தொட, கண்கள் நேரே பார்க்க நிற்க வேண்டும். தலைமேல் ஓர் அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்கோணமாக வைத்துக் கோடு போட வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். காலையில் நாம் மாலையைவிடச் சிறிது உயரமாக இருப்போம். ஆகையால் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் அளப்பது நல்லது. படம் ஒட்டுபவர்கள் தயவு செய்து தரையிலிருந்து டேப் பிடித்து ஒட்டுங்கள். நீலப் பட்டை மறைந்தால் மறையட்டும்!

இரண்டாவது, கோட்டின் பக்கத்தில் தேதி போட வேண்டும். தேதி இல்லாத கோடு சுவர்க் கிறுக்கல்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். தினந்தோறும் அளந்து பார்த்துக் குழந்தையை வாட்ட வேண்டாம். விதை போட்டவன் தினமும் மண்ணைத் தோண்டிப் பார்த்தால் செடி முளைக்குமா? ஆனால் இரண்டு முறை தொடர்ந்து கோடு நகரவில்லையென்றால், டப்பா மாவுக் கடைக்குப் போகாமல் நேரே அங்கன்வாடிக்கோ, அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும்.

மூன்றாவது, விலங்குகளைப் பற்றி. படங்கள் இருக்கட்டும், அவை இருப்பதால்தான் பிள்ளைகள் அழாமல் வந்து நிற்கிறார்கள். ஆனால் "நீ முயல், அவள் யானை" என்று பெயர் சூட்ட வேண்டாம். ஒட்டகச்சிவிங்கிக் குட்டி பிறக்கும்போதே ஏறத்தாழ ஆறடி உயரம் இருக்குமாம்! முயல் ஒரே ஆண்டில் முழு வளர்ச்சி பெற்றுவிடும். யானைக்குப் பல ஆண்டுகள் வேண்டும். மனிதப் பிள்ளைக்கோ பதினைந்து, பதினெட்டு ஆண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு என்று சொல்லிக் கொடுத்தால் அதுவே நல்ல பாடமாகும். முயல் பெரிதாகி யானை ஆவதில்லை. நல்ல முயலாக வளர்கிறது. மழலையர் பள்ளியில் படத்தைச் சரியாக ஒட்டிக் கொடுத்தபோது, அணில், மயில், கன்றுக்குட்டி, கீரி, ஆட்டுக்குட்டி என்று சிறு படங்கள் வரைந்து கொண்டு போனோம். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டது. இப்போது அணில் ஏறுகிறதா என்று அணிலுக்குரியவள் பார்க்கிறாள். மயிலோடு அவளுக்குப் போட்டி இல்லை.

நான்காவது, எங்கள் பள்ளிக்கு ஒரு விண்ணப்பம். காலை வணக்கக் கூட்டத்தில் எங்களை உயர வரிசையில் நிறுத்துகிறார்கள். பின்னால் நிற்பவர்களுக்கு மேடை தெரிய வேண்டும். அதில் நாங்கள் குறை காணவில்லை. உடல் பரிசோதனையின்போது மட்டும் ஒவ்வொருத்தியின் உயரத்தையும் எடையையும் உரக்கப் படிக்காமல், ஜூனிலும் ஜனவரியிலும் முன்னேற்ற அறிக்கையில் எழுதிக் கொடுத்தால் நன்றாயிருக்கும். மதிப்பெண்ணைப் பார்க்கும் பெற்றோர் அந்த எண்ணையும் பார்ப்பார்கள். வகுப்பில் முதலாவது வந்தவளா என்று கேட்பதற்கு முன், போன முறையைவிட முன்னேறினாளா என்று கேட்கவும் அது பழக்கும்.

ஐந்தாவது விண்ணப்பம் எங்களுக்கே. "ஒட்டகச்சிவிங்கி", "குள்ளவாத்து" என்று பெயர் வைத்து அழைப்பதை நிறுத்துவோம். மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் எங்கள் தவறு எங்களுக்கே உறைத்தது. உருவத்தைக் கண்டு இகழாதே, பெருந்தேருக்கும் சிறிய அச்சாணி வேண்டும் என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். நம் பொதிகை மலைக்குரிய அகத்தியரைக் குறுமுனி என்றே தமிழ் கொண்டாடுகிறது. விவிலியத்தில் சக்கேயு குள்ளமாயிருந்ததால் மரத்தில் ஏறி நின்றான். அவனைத் திரும்பிப் பார்க்காமல் போனது கூட்டம். நின்று, பெயர் சொல்லி அழைத்தவர் இயேசு. உயரத்தை அளப்பதற்கு முன் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும் என்று இதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டோம்.

பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களுடைய கோடுகள் பெரும்பாலும் நின்றுவிட்டன. இனி எங்கள் உயரத்தில் பெரிதாக எதுவும் மாறப் போவதில்லை. சிலர் நெட்டை, சிலர் குட்டை. அவரவர் உயரத்தில் நேராக நின்று வாழக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எங்கள் கையைப் பிடித்து இழுக்கும் பிள்ளைகளின் கோடுகள் இன்னும் எழுதப்படவில்லை. அடுத்த மாதம் நாங்கள் இப்பள்ளியை விட்டுப் போகலாம். அந்தச் சனிக்கிழமைகள் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்கு வரும். நோட்டை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டோம். டேப்பையும் கொடுத்துவிட்டோம். ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை, அணிலுக்குரியவளை முதலில் நிறுத்திப் பாருங்கள் தங்கைகளே. கொண்டை போட்டிருந்தால் அவிழ்த்துவிட்டுப் பாருங்கள். தேதி போட மறவாதீர்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி, சங்கரன்கோவில்